காற்றைக் கடைசியாகக் கேளுங்கள்

கோபுரம் இல்லாமல், கயிற்றில் கட்டிய பட்டத்தை வானில் ஏற்றி, அதன் இழுவையிலிருந்து மின்சாரம் எடுக்கும் முறையைப் பற்றி இன்று பேசப்போகிறேன். அதிலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: அந்தப் பட்டத்தை எந்த இடத்தில் ஏற்றுவது? காற்று எங்கே பலமாக வீசுகிறதோ அங்கே ஏற்றுவது என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் விடை. காற்றாலை வைத்தவர்கள் அப்படித்தான் இடம் பார்த்தார்கள்; முப்பந்தலும் கயத்தாறும் அப்படித்தான் காற்றாலை ஊர்கள் ஆயின. அந்த வழக்கத்தை அப்படியே பட்டத்துக்கும் கொண்டுவந்தால் தவறான இடத்தில் போய் நிற்போம் என்பது என் வாதம். பட்டத்துக்கு இடம் பார்ப்பவர் முதலில் கீழே இருக்கும் தரையைப் பார்க்க வேண்டும். அடுத்து மேலே இருக்கும் வானத்தை. மூன்றாவதாக அந்த ஊர் இன்று எந்த மின்சாரத்தை என்ன விலைக்கு எரிக்கிறது என்பதை. காற்றின் வேகத்தைக் கடைசியாகக் கேட்டால் போதும். இந்த வரிசை தலைகீழாகத் தெரியும். ஏன் இப்படி என்பதைக் கணக்கோடும் இதுவரை நடந்தவற்றோடும் சொல்கிறேன்.

முதலில் பொறியைத் தெரிந்துகொள்வோம். பிள்ளைகள் விடும் பட்டம்போல் இது ஓரிடத்தில் நிற்பதில்லை. எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்த வடிவில், காற்றுக்குக் குறுக்கே, காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. 1980-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தைச் சேர்ந்த மைல்ஸ் லாய்ட் இதற்கான கணக்கை எழுதினார். காற்றாலையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது இறக்கையின் நுனிப்பக்கம்தான். அந்த நுனியை மட்டும் எடுத்துக் கயிற்றில் கட்டிப் பறக்கவிட்டால் கோபுரமும் நடுத்தண்டும் தேவைப்படாது என்பது அவர் கணக்கின் சாரம். அதிலிருந்து இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்றில், பறக்கும் சிறகின் மேலேயே சிறு காற்றுச்சுழலிகள் இருக்கும். மின்சாரம் கயிற்றுக்குள் ஓடும் கம்பி வழியே கீழே இறங்கும். மற்றொன்றில், பட்டம் கயிற்றை இழுக்க இழுக்கத் தரையில் உள்ள உருளை சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும். கயிறு முழுதும் வெளியேறியதும் பட்டத்தைக் காற்றில் மடக்கி, இழுவையைக் குறைத்து, கொஞ்சம் மின்சாரம் செலவழித்துச் சுருட்டிக்கொள்வார்கள். பிறகு மறுபடி விடுவார்கள். கிணற்றில் ஏற்றம் இறைப்பதுபோல மாறிமாறி நடக்கும் ஒரு வேலை. இதில் உள்ள விசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: கயிறு நொடிக்கு 2.5 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது 100 கிலோவாட் கிடைக்க வேண்டுமானால் கயிற்றின் இழுவை ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமம். விரல் பருமனுள்ள ஒரு கயிற்றில் 4 டன். இடத்தேர்வு பற்றிய பேச்சு முழுவதும் இந்தக் கயிற்றைச் சுற்றியே நடக்கும்.

உயரே போகப்போகக் காற்று பலமாகிறது, அதனால் பட்டத்துக்கு எந்த இடமும் நல்ல இடமே என்று இந்தத் துறையின் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். உயரத்தோடு வேகம் எப்படிக் கூடுகிறது என்பதற்குப் பொறியாளர்கள் தோராயமாகப் பயன்படுத்தும் ஏழில் ஒன்று அடுக்கு விதியை எடுத்துக்கொண்டால், 100 மீட்டரிலிருந்து 300 மீட்டருக்கு ஏறும்போது வேகம் 17 சதவீதமும் ஆற்றல் 60 சதவீதமும் கூடுகின்றன. நல்ல லாபம்தான். ஆனால் பட்டம் நம் தலைக்கு நேர்மேலே நின்று வேலை செய்வதில்லை. கயிறு சாய்வாகத்தான் போகும். சாய்வு 30 டிகிரி என்றால், லாய்டின் கணக்குப்படி கிடைக்கக்கூடிய ஆற்றல் அந்தக் கோணத்தின் கோசைனுடைய முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. அது 0.65. 1.60-ஐ 0.65-ஆல் பெருக்கினால் 1.04. 200 மீட்டர் ஏறிச் சம்பாதித்த அறுபது சதவீதத்தில் மிஞ்சியது நான்கு. கடலின் மேல் காற்று உயரத்தோடு இன்னும் மெதுவாகவே கூடும், அடுக்கு 0.10 என்று வைத்துக்கொண்டால் லாபம் 1.39 மடங்கு மட்டுமே. சாய்வுக்குக் கொடுத்தது போக 0.90. அதாவது ஏறாமல் இருந்ததைவிடக் குறைவு. சாய்வைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். 20 டிகிரிக்குக் குறைத்தால் எஞ்சுவது 0.83-ஆக மேம்படும்; ஆனால் அதே 300 மீட்டர் உயரத்தை எட்ட 600 மீட்டர்க் கயிறு போதாது, 877 மீட்டர் வேண்டும். நீளக் கயிறு காற்றில் கூடுதலாக உராயும். கயிறு சுற்றிவரக்கூடிய வட்டமும் 1.13 சதுர கிலோமீட்டரிலிருந்து 2.4 சதுர கிலோமீட்டராகும். இரட்டிப்பு நிலத்துக்குக் கால் பங்குக்குச் சற்று மேலான ஆற்றல். இந்தக் கணக்கு எளிமைப்படுத்தியது என்பது உண்மை. இரவில் தரை குளிர்ந்து மேற்காற்று தனியே வேகமெடுக்கும் சமவெளிகளில் லாபம் இதைவிடப் பெரிதாகும், பட்டமும் காற்று இருக்கும் உயரத்தைத் தேடிப் போகலாம். ஆனாலும் உயரம் ஒன்றே போதும் என்ற பேச்சை இந்தக் கணக்கு நிற்கவிடாது. பட்டத்தின் உண்மையான பலம் அதன் இலேசு: கோபுரம் வேண்டாம், ஆழ அடித்தளம் வேண்டாம், ராட்சதக் கிரேன் வேண்டாம், வேண்டாதபோது இறக்கி மடித்து வைக்கலாம். அந்தப் பலம் எங்கே விலைபோகுமோ அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

காற்று வரைபடம் மட்டும் பார்த்தால் எங்கே போய் நிற்போம் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2009-இல் கிறிஸ்டினா ஆர்ச்சரும் கென் கால்டெய்ராவும் உலகம் முழுவதற்கும் மேல்வானக் காற்றைக் கணக்கிட்டார்கள். மிக அடர்த்தியான ஆற்றல் ஜப்பான், கிழக்குச் சீனா, அமெரிக்காவின் கிழக்குக் கரை போன்ற பகுதிகளுக்கு மேலே இருப்பதாகத் தெரிந்தது. மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் டோக்கியோவுக்கும் நியூயார்க்குக்கும் மேலே இருக்கும் வானம் உலகிலேயே விமானங்கள் நெரியும் வானங்களில் சேர்ந்தது. 2014-இல் ஆர்ச்சரும் உடன் ஆய்வாளர்களும் கயிற்றுப் பட்டங்களுக்கு உகந்த இடங்களையே பொருளாக எடுத்து, 3 கிலோமீட்டருக்குக் கீழான காற்றோட்டங்களை ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் பெருஞ்சமவெளி, ஆப்பிரிக்கக் கொம்பின் கரையோரம், வெப்பமண்டலக் கடற்பரப்புகள் ஆகியவை வரிசையில் வந்தன. ஆப்பிரிக்கக் கொம்புக்கு அருகே தாழ்வாக, வேகமாக வீசும் அந்தக் காற்றோட்டம்தான் பிறகு அரபிக் கடலைத் தாண்டி நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றாக வருகிறது. ஆனால் வானத்துக்கு உரிமையாளர் உண்டு. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011 டிசம்பரில் இத்தகைய பொறிகளின் சோதனைக்கு விதித்த உச்ச உயரம் 499 அடி, அதாவது 152 மீட்டர். அதுவும் பகல் வெளிச்சத்தில் மட்டும். 152 மீட்டர் என்பது இன்றைய பெரிய காற்றாலைகளின் இறக்கை நுனி எளிதாகத் தொடும் உயரம். மேல்காற்றைப் பிடிக்கப் பிறந்த பொறிக்கு மேல்காற்று சட்டப்படி மூடியிருந்தது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு காற்று வீசினாலும், அங்கே போக அனுமதி இல்லாத ஊரில் அது கணக்கில் சேராது.

இனித் தரைக்கு வருகிறேன். 600 மீட்டர்க் கயிறு என்றால் சுற்றளவுக்குள் 113 ஹெக்டேர், ஏறத்தாழ 280 ஏக்கர். இதில் ஜெனரேட்டரும் உருளையும் பிடிப்பது ஒரு கொட்டகை அளவு இடம். மீதி நிலத்தில் உழலாம், மேய்க்கலாம். ஆனால் வீடு கட்ட முடியாது. சாலையோ மின்கம்பியோ குறுக்கே போகக் கூடாது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்து தொங்கிய மாஞ்சா நூல் இருசக்கர வாகனத்தில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிர் பறித்த ஊர் அது. அங்கே மாஞ்சாவுக்குத் தடையே வந்தது. அது கைவிரலால் இழுக்கும் நூல். இங்கே 4 டன். அறுந்த பட்டம் காற்றோடு வட்டத்துக்கு வெளியேயும் சற்றுத் தூரம் போகும் என்பதால், காற்று போகும் பக்கம் கூடுதலாக ஆளில்லா நிலம் வேண்டும். இதை உணர்ந்தவர்கள் தேர்ந்த இடங்களைப் பாருங்கள். கூகுளின் தாய் நிறுவனத்திடம் இருந்த மகானி, 26 மீட்டர் சிறகு கொண்ட தன் 600 கிலோவாட் பொறியை ஹவாய்த் தீவின் பார்க்கர் பண்ணையில் பறக்கவிட்டது. அமெரிக்காவின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணைகளில் ஒன்று அது. ஜெர்மானிய மின்நிறுவனமான ஆர்டபிள்யூஈ இத்துறைக்கென்று சோதனைக் களம் அமைக்கத் தேர்ந்தது அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில் உள்ள பாங்கர் எரிஸ். அட்லாண்டிக் காற்று அடிக்கும், வீடுகள் அரிதான சதுப்புக்கரி நிலம். நெதர்லாந்தின் கைட்பவர் 2023-இல் தன் பட்டத்தை அங்கேதான் ஏற்றியது.

அயர்லாந்தின் சதுப்புக்கரி நிலம் இந்த வாதத்துக்கு ஒரு கசப்பான சான்றையும் தருகிறது. 2003 அக்டோபரில், அதே மேற்கு அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில், டெர்ரிபிரையன் என்ற இடத்தில் காற்றாலைகள் கட்டிக்கொண்டிருந்தபோது மலைச்சரிவின் கரிமண் இளகி ஓடியது. அது ஆற்றில் இறங்கியதில் மீன்கள் செத்து மிதந்தன. உரிய சுற்றுச்சூழல் ஆய்வு செய்யாததற்காக அயர்லாந்து அரசு ஐரோப்பிய நீதிமன்றத்தில் நின்றது. 2019-இல் 50 லட்சம் யூரோ அபராதமும், குறை தீரும்வரை நாளுக்கு 15,000 யூரோவும் விதிக்கப்பட்டன. கடைசியில் அந்தக் காற்றாலைகள் நிறுத்தப்பட்டன. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள கோபுரத்துக்குக் கரிமண்ணைத் தோண்டிக் கான்கிரீட் கொட்ட வேண்டும். அதற்குப் பாதை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை எங்காவது குவிக்க வேண்டும். கொள்கலன் பெட்டிக்குள் அடங்கும் பட்டப்பொறிக்கு இவை எதுவும் வேண்டாம். காற்று நன்றாக இருந்தும் மண் தாங்காத நிலம் என்ற ஒரு வகை இருக்கிறது. காற்று வரைபடத்தில் அந்த வகை தெரியவே தெரியாது. மண் வரைபடத்தில் தெரியும். பட்டத்துக்கு இடம் தேடுபவர் முதலில் விரிக்க வேண்டியது இந்த இரண்டாவது வரைபடத்தைத்தான்.

ஆளில்லா வெளிதான் வேண்டுமென்றால் கடல் இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. கடலில் வீடு இல்லை, சாலை இல்லை; ஆழக்கடலில் மிதக்கும் காற்றாலைக்குப் பிரம்மாண்டமான மிதவை வேண்டும், பட்டத்துக்குச் சிறியது போதும். மகானியும் ஷெல் நிறுவனமும் இந்த நம்பிக்கையோடுதான் 2019 ஆகஸ்டில் நார்வேயின் கார்மோய் தீவுக்கு அப்பால் மிதவையிலிருந்து பொறியைப் பறக்கவிட்டன. மிதவையிலிருந்து ஏற முடியும், பறக்க முடியும் என்பது நிரூபணமானது. இரண்டாவது பறப்பில் பொறி கடலில் விழுந்து போயிற்று. 2020-இல் நிறுவனமே மூடப்பட்டது. தங்கள் ஆய்வறிக்கைகளை எல்லாம் ஒளிக்காமல் வெளியிட்டுவிட்டுத்தான் மூடினார்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஒரு விபத்தை வைத்துக் கடலே ஆகாது என்று சொல்லவில்லை. ஆனால் மூன்றைக் கவனியுங்கள். உயரத்தால் வரும் லாபம் கடலில்தான் மிகக் குறைவு என்று சற்று முன் கணக்குப் பார்த்தோம். பட்டம் விழுந்தால் தரையில் அரைமணியில் எடுத்துப் பழுது பார்க்கலாம். கடலில் கப்பலும் நல்ல வானிலையும் அமைய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னும் அடிக்கடி விழும் பருவத்தில் இருக்கும் ஒரு பொறிக்குக் கடல் கொடிய பள்ளிக்கூடம். மூன்றாவது, கயிறு. பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது டைனீமா வகை பாலிஎத்திலீன் இழைக் கயிறு. அது தண்ணீரைவிட இலேசானது. அறுந்தால் மூழ்காது, மிதக்கும். மிதக்கும் அரைக் கிலோமீட்டர்க் கயிறு மீன் வலையிலும் படகின் விசிறியிலும் சுற்றினால் என்ன ஆகும் என்பதை மீனவரைக் கேட்டுத்தான் கடலில் இடம் குறிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி விலை. நிலக்கரியும் நீரும் அணுவும் சேர்ந்து ஓடும் பெரிய மின்தொகுப்பில் ஒரு பட்டத்தின் 100 கிலோவாட் துளிக்கும் காணாது. அங்கே அது போட்டியிட வேண்டியது உலகின் மிக மலிவான மின்சாரத்தோடு. கப்பலில் டீசல் வரவழைத்து எரிக்கும் தீவில் அதே 100 கிலோவாட்டின் நிலை வேறு. கைட்பவர் 2021-இல் தன் பொறியை நெதர்லாந்து ராணுவத்தோடு சேர்ந்து கரீபியக் கடலின் அரூபாவுக்குக் கொண்டுபோனது. ஹாம்பர்க்கின் ஸ்கைசெய்ல்ஸ் தன் பட்டத்தை ஏற்றத் தேர்ந்தது வணிகக் காற்று ஆண்டில் பெரும்பகுதி நின்று வீசும் மொரீசியஸ். இரண்டும் தீவுகளாக அமைந்தது தற்செயல் இல்லை. இப்படிச் சில நூறு கிலோவாட் எடுத்து உலகின் வெப்பம் எப்படித் தணியும் என்று கேட்பார்கள். சூரியத் தகட்டின் கதையே அதற்கு விடை: இன்று நம் கூரைகளில் இருக்கும் அந்தத் தகடு 1958-இல் வான்கார்டு-1 செயற்கைக்கோளில் பறந்தது; அதன் பிறகு நெடுங்காலம் கடல் மிதவை விளக்கு, ஆளில்லா மலைமேல் தொலைத்தொடர்புக் கம்பம் என்று மின்கம்பி எட்டாத இடங்களில்தான் பிழைத்தது. விலை என்னவானாலும் வாங்குவோர் இருந்த அந்த இடங்களில்தான் அது தவறு செய்து, திருந்தி, மலிவானது. மாறாக, மகானி சிறு மாதிரியிலிருந்து ஒரே தாவலில் 600 கிலோவாட்டுக்குப் போனது. 2022-இல் திவாலான நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் நிறுவனமும் பெரிய கடல் பொறியைக் குறிவைத்தது. வளர வேண்டிய பிள்ளையை முதல் நாளே பந்தயத்துக்கு அனுப்பியது போலாயிற்று.

இந்தக் கேள்விகளை ஒரு உண்மையான இடத்தில் வைத்துப் பார்ப்போம். நமக்கு அருகிலேயே ஒன்று இருக்கிறது: பாக்கு நீரிணையின் நெடுந்தீவு. ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை இட்டபோது நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்தார்கள். வரைபடங்களில் இன்றும் அப்பெயரே நிற்கிறது. விண்வெளி வீரர் வுப்போ ஓக்கெல்ஸ் தொடங்கிவைத்த பட்ட மின் ஆய்வு வளர்ந்ததும், கைட்பவர் 2016-இல் பிறந்ததும் அந்த டெல்ஃப்ட் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான். பெயர் ஒற்றுமையை வைத்து நான் இடம் தேரவில்லை. இந்தக் கேள்விகளை வைத்துப் பார்க்க நெடுந்தீவு ஏற்ற இடம் என்பதால் எடுக்கிறேன். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்பு, தட்டையான பவளப்பாறை நிலம், சில ஆயிரம் மக்கள். தலைநிலத்து மின்கம்பி எட்டாத தீவு; டீசல் ஜெனரேட்டர்தான் விளக்கு ஏற்றி வந்தது. டீசலும் கடல் வழியே வர வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்குமான கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய அரசின் கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது: 530 கிலோவாட் காற்றாலை, 1,700 கிலோவாட் சூரியத் தகடு, 2,400 கிலோவாட் மணி மின்கலம், அவற்றோடு காத்திருப்பில் 2,500 கிலோவாட் டீசல். மூன்று தீவுக்கும் சேர்த்தே 530 கிலோவாட்தான் காற்று. பட்டம் பேசத்தகுந்த அளவு இதுதான்.

முதல் கேள்வி தரை. 200 மீட்டர் உயரத்தில் பறக்க, 30 டிகிரி சாய்வில் 400 மீட்டர்க் கயிறு. வட்டம் 50 ஹெக்டேர். இவ்வளவு பெரிய தீவில் 50 ஹெக்டேர் கிடைக்காதா என்று தோன்றும். அங்கே நிற்கும் பனைகளைப் பாருங்கள். 30 டிகிரியில் போகும் கயிறு, உருளையிலிருந்து 50 மீட்டர் தூரத்தில் தரைக்கு 29 மீட்டர் மேலே இருக்கும். 20 டிகிரிக்குச் சாய்ந்தால் 18 மீட்டர்தான். வளர்ந்த பனையின் வட்டு அந்த உயரத்தை எட்டிவிடும். காற்று திசை மாறமாறக் கயிறும் சுற்றிவரும் என்பதால் உருளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நூறு மீட்டர் தூரத்துக்கேனும் பனை இருக்கக் கூடாது. பனை இல்லாத வெளி தீவில் உண்டு. குதிரைகள் மேயும் புல்வெளி. ஆனால் அந்தக் குதிரைகளின் வெளியை உள்ளடக்கி 2015-இல் 1,846 ஹெக்டேர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்குள் போயிற்று. சீறிக்கொண்டு மேலும் கீழும் ஓடும் கயிற்றின் அடியில் குதிரைகளை மேயவிடலாமா என்பதை ஆய்வு செய்யாமல் எவரும் ஆம் என்று சொல்லக் கூடாது. பூங்காவை விட்டுவிட்டே இடம் தேட வேண்டும் என்பது என் கருத்து. இருக்கும் பனைகளை வெட்டி வெளி உண்டாக்குவதும் கூடாது. பனையால் வாழும் தீவில் பட்டத்துக்காகப் பனையை வெட்டுவது எந்தக் கணக்கிலும் வராத செலவு. ஆகவே குடியிருப்பும் பனந்தோப்பும் பூங்காவும் போக மிஞ்சும் கரையோரத் துண்டுகள்தான் மீதி. 50 சதுர கிலோமீட்டர் கேள்விகள் கேட்கக் கேட்க எவ்வளவு சுருங்குகிறது பாருங்கள்.

வானம் இங்கே கொஞ்சம் தயவு காட்டுகிறது, கொஞ்சம் கடுமையும் காட்டுகிறது. 2019-இல் பன்னாட்டு விமானங்களுக்குத் திறந்த பலாலி நிலையம் வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 200 மீட்டர் உயரப் பட்டத்தால் அதற்கு இடையூறு வராது என்று எதிர்பார்க்கலாம், வழக்கமான முன்னறிவிப்பும் விளக்கும் போதும். ஆனால் இது எல்லைக் கடல். இரு நாட்டுக் கடற்படைகளும் கண்காணிக்கும் நீரில், தானே ஓடும் ஒரு பறக்கும் பொருளுக்கு எழுத்துபூர்வமான இசைவு கிடைக்காமல் ஒரு நாளும் பறக்க முடியாது. அந்த இசைவு கிடைக்க எடுக்கும் காலம் காற்றை அளக்க எடுக்கும் காலத்தைவிட நீளலாம். அதனால்தான் அதைக் காற்றுக்கு முன்பே கேட்கச் சொல்கிறேன். பறவைகளும் உண்டு. மன்னாரில் 2020-இல் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் நிலையம் திறக்கப்பட்டது முதல், மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதை பற்றிய எதிர்ப்பு ஓயவில்லை. அந்த எதிர்ப்பை நான் தடையாகப் பார்ப்பதில்லை, இடத்தேர்வின் தகவலாகப் பார்க்கிறேன். கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும் கயிறு பறவைக்குக் கோபுரத்தைவிட ஆபத்தாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் பட்டத்துக்குச் சாதகம்: வலசை உச்சமான வாரங்களில் இறக்கி வைத்தால் வானத்தில் அதன் சுவடே இருக்காது.

இப்போது மிகக் கடினமான மறுப்புக்கு வருகிறேன். சூரியத் தகடும் மின்கலமும் இவ்வளவு மலிந்துவிட்ட காலத்தில் அறுகிற கயிறும் விழுகிற பட்டமும் எதற்கு? பல இடங்களில் இதற்கு என்னிடம் மறுமொழி கிடையாது. அங்கே பட்டம் வேண்டாம் என்றே சொல்வேன். ஆண்டு முழுவதும் வெயில் சீராகக் காயும், இரவுத் தேவை சிறியதான ஊருக்குத் தகடே போதும். நெடுந்தீவில் கேள்வி கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான் நிற்கிறது. வடகிழக்குப் பருவ மழைமேகம் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும்போது தகடு சோர்ந்துவிடும். 2,400 கிலோவாட் மணி மின்கலம் ஓர் இரவுக் கணக்குக்கானது, ஒரு வார மேகத்துக்கானது அன்று. அந்த நாட்களில் வாடைக்காற்று வீசுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் இரவிலும் ஓயாமல் அடிக்கிறது. மழைநாளிலும் இரவிலும் டீசலைக் குறைக்கும் அளவே பட்டத்தின் நியாயம். அதைத் தாண்டி நான் எதுவும் கோரவில்லை. சரி, சிறிய காற்றாலை வைக்கலாமே என்பார்கள். அந்தத் திட்டத்திலும் காற்றாலைதான் இருக்கிறது. 40 மீட்டர்க் கோபுரத்தோடு 200 மீட்டர்ப் பட்டத்தை ஒப்பிட்டால், கடற்காற்றின் கணக்கில் ஆற்றல் 1.6 மடங்கு, சாய்வு இழப்புக்குப் பின் இரண்டும் ஏறக்குறைய சமம். அப்படியானால் முடிவு செய்வது காற்று இல்லை. கிரேனைப் படகில் ஏற்றி ஆழமில்லாத கடலைக் கடந்து இறங்குதுறையில் இறக்க ஆகும் செலவு, அடித்தளத்துக்குச் சீமெந்தும் நன்னீரும் கொண்டுபோகும் செலவு, பத்து ஆண்டு கழித்துப் பெரிய பழுது வந்தால் அதே கிரேனை மறுபடி கொண்டுபோகும் செலவு. இவற்றின் கூட்டுத்தொகை சிறியதாக இருந்தால் காற்றாலையே வெல்லட்டும்.

காற்றுக்குப் பேர்போன முப்பந்தலில் பட்டம் ஏற்றலாமே என்ற யோசனைக்கும் இதே விடைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றைத் தரைக்கு அருகிலேயே பிடிக்கக் காற்றாலைகள் நெருங்கி நிற்கின்றன. பாதை இருக்கிறது, துணைமின் நிலையம் இருக்கிறது, கிரேன் வந்துபோகிறது, நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. அங்கே பட்டத்தின் இலேசுக்கு எந்த விலையும் இல்லை. சுழலும் இறக்கைகளுக்கு நடுவே கயிறு விட இடமும் இல்லை. தமிழ்நாட்டின் மிகச் சிறந்த காற்றிடம் பட்டத்துக்கு மிக மோசமான இடமாகிறது. என் வாதத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் கேட்டு முடித்த பிறகுதான் காற்று. அதிலும் நம்மிடம் இருக்கும் தகவல் குறைவு. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இந்தியாவின் காற்று வளத்தை 150 மீட்டர் உயரம் வரை கணக்கிட்டிருக்கிறது. பட்டம் வேலை தொடங்குவதே அதற்கு மேலேதான். உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் ஈஆர்ஏ-5 என்ற வானிலைத் தரவு மறுகணிப்பின் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். நெடுந்தீவு முழுவதும் அந்த ஒரே கட்டத்துக்குள் கடலோடு கலந்து காணாமல் போகும். ஆகவே மேலே நோக்கி லேசர் அனுப்பிக் காற்றை அளக்கும் லைடார் கருவி ஒன்றைக் கரையோரத்தில் ஓர் ஆண்டு முழுதும் வைக்க வேண்டும். சோளகமும் வாடையும் 100, 200, 300 மீட்டரில் எப்படி மாறுகின்றன என்று பார்க்க வேண்டும். காற்றின் சராசரியைவிட அது எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓய்கிறது என்ற எண் முக்கியம், ஏனென்றால் காற்று நின்றால் பட்டத்தை இறக்க வேண்டும், ஏற்றி இறக்கும் வேளையில்தான் விபத்துகள் நேர்கின்றன. கூடவே மின்னலையும் எண்ண வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் பருவம் மாறும்போது மாலை வேளைகளில் இடிமேகம் திரளும். நனைந்து உப்பேறிய கயிறு மின்னலுக்கு நல்ல வழி. பாலிஎத்திலீன் இழையோ 150 டிகிரி வெப்பத்துக்குள் உருகிவிடும். இடி முழங்குமுன் பட்டம் கீழே இருக்க வேண்டும். மேகம் எந்தத் திசையில் கறுத்தால் எவ்வளவு நேரத்தில் காற்று புரளும் என்பதைக் கணிப்பொறிக்கு முன்னரே அறிந்தவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள்: தொழிலுக்குப் போகும் மீனவர்கள். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பட்டங்களை, ஒலி எழுப்பும் விண் பூட்டி ஏற்றுகிறவர்களும் அந்த வட்டாரத்தவர்தான். லைடார் ஓடும் அந்த ஓர் ஆண்டில், கருவி காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியாக அவர்கள் சொல்லும் கணிப்பையும் நாள்தோறும் குறித்துவைக்க வேண்டும். பொறியை இயக்கும் முதல் குழுவுக்கு ஆள் எடுப்பதும் அந்தக் குறிப்பேட்டில் பெயர் வந்தவர்களிலிருந்தே தொடங்கட்டும்.